தொழில்: இல்லை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மொன்றியலில் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் இருந்தபடி எங்கள் ஆட்களுக்கு வேலை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். அப்படி ஒருநாள் வந்தவர்தான் மன்னார்த் தீவைச் சேர்ந்த அந்த அம்மா. ஐம்பது வயதிருக்கும். விரல்களெல்லாம் பழைய முள் கீறல்கள். அந்தக் கைகளுக்கு ஓய்வே கிடையாது. நான் எழுதத் தொடங்குமுன்பே மேசையில் கிடந்த பேனைகளுக்கு மூடி தேடிப் போட்டு, தாள்களையும் விளிம்பு பார்த்து அடுக்கிவிட்டார்.

விண்ணப்பம், நகரின் சென் லோரன் பகுதியில் மீன் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு.

"முந்தி என்ன வேலை செய்தனீங்கள் அம்மா?"

"ஒண்டுமில்லைத் தம்பி. சும்மாதான் இருந்தனான்."

"அப்ப கையில இந்தக் காயங்கள்?"

"அவர் கொண்டுவாற மீனை வெட்டி, உப்புப் போட்டுக் கருவாடாக்கினது. அது வீட்டு வேலையெல்லோ? ஊரில சனத்தொகை கணக்கெடுக்க வந்தவைக்கும் தொழில் இல்லையெண்டுதான் சொன்னனாங்கள். எங்கட தீவில எல்லாப் பொம்பிளையளும் அப்பிடித்தான்."

'மீன் பதனிடல், முப்பது வருடம்' என்று பிரெஞ்சில் எழுதி, தமிழில் சொன்னேன். அவர் முகம் இருண்டது.

"பொய் எழுதாதேங்கோ தம்பி. அங்கை இல்லையெண்டு பதிஞ்சு கிடக்கு. பேந்து கண்டுபிடிச்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன். அவர் பேனையை வாங்கி மூடி போட்டு வைத்தார்.

அந்த வேலை அவருக்குக் கிடைத்ததா என்று தெரியாது. தீவுகளில் பெண்கள் வேலைக்குப் போவது குறைவு என்று எங்காவது வாசித்தால், அந்தக் கணக்கோடு சேர என் கையெழுத்திலும் ஒரு 'இல்லை' இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.