கொட்டாவி சாருக்குக் கண்ணாடி மாட்டிய சித்தி

என் சித்தி கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டும் கண்ணாடி. யாரிடம் சொன்னாலும் இந்தச் சந்தேகம் வருவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண்ணைச் சோதிப்பது அவள் வேலை இல்லை. அதற்கு ஒரு டாக்டர் இருக்கிறார். பிரேமுக்குள் லென்ஸ் ஏறி வந்த பிறகு, அதை ஆளின் முகத்தில் சரியாக உட்கார வைப்பதுதான் சித்தியின் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் உலகத்தில் யாருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை. சித்தி இதைச் சொன்ன நாளிலிருந்து நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எல்லாருடைய காதையும் பார்த்துக்கொண்டே போகிறேன். உண்மைதான். சிலருக்கு இரண்டு காதுகளும் வேறு வேறு ஆட்களிடமிருந்து வாங்கி ஒட்டியது போல இருக்கிறது. அதனால் காதுமேல் போகும் கம்பியைச் சூடான காற்றில் காட்டி, கொஞ்சம் வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடியும் வளைக்க வேண்டும்.

சித்தி இதைப் பேசிக்கொண்டேதான் செய்வாள். அவள் இருக்கை கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில். உள்ளே வருகிறவர்கள், வெளியே போகிறவர்கள், தெருவில் சும்மா நிற்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் அகப்பட்டுக்கொள்வார்கள். கடைக்குப் பின்னால் இன்னொரு அறை உண்டு. லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிற மெஷின் அங்கே ஓடும். ஜன்னல் கிடையாது. மெஷின் சத்தத்தில் பேசினால் பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காது. சித்தியைப் பொறுத்தவரை அது ஜெயில்.

இனி கொட்டாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு சிரிப்பு நடிகர். முதல் படத்தில் அவருக்கு ஒரு காவல்காரர் வேஷம். வில்லன் அவர் நெற்றியில் துப்பாக்கியை வைத்து, "கடைசி ஆசை என்ன?" என்று கேட்பான். அவர் வாயைப் பிளந்து நிதானமாக ஒரு கொட்டாவி விடுவார். தியேட்டர் அதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கல்யாண வீடு, எழவு வீடு, கோர்ட், கப்பல் என்று எந்தப் படத்தில் எங்கே நின்றாலும் அவர் கொட்டாவி விட்டாக வேண்டும். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்டுப் பார்த்த யாருக்கும் தெரியவில்லை.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிடித்த நடிகர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வீட்டுக்குள் அவர் 'அவன்'தான். பிடிக்காதவர்களைத்தான் 'அவர்' என்போம். சித்திக்குக் கொட்டாவி மேல் கொள்ளைப் பிரியம். டி.வி.யில் அவர் வந்தால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நிற்பாள்.

"டேய், பின்னாடி நிக்கறான்டா! திரும்பிப் பாருடா, மக்குப் பயலே!"

"அது ஏற்கெனவே எடுத்து முடிச்ச படம். நீ சொல்லி அவன் திரும்பப் போறானா?" என்பார் சித்தப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பொத்தானை அமுக்கினால் எது நடக்கும் என்பதில் தெளிவான மனிதர்.

"நீ சும்மா இரு. அவனுக்கு நான் சொல்லாம வேற யாரு சொல்றது?"

ஒரு நாள் முதலாளி சித்தியைக் கூப்பிட்டார். முகத்தில் சந்தோஷமும் பயமும் சேர்ந்து இருந்ததாம்.

"நாளன்னிக்கு நம்ம கடைக்கு யார் வர்றாங்க தெரியுமா? கொட்டாவி சார்! பழைய கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்குதாம். ஷூட்டிங்ல வழுக்கி வழுக்கி விழுதாம். அவரோட உதவியாளர் போன் பண்ணினார்."

சித்தி துள்ளினாள். "ஐயோ, அவன் வர்றானா!"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "பாத்தியா? இதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ கஸ்டமர்கிட்ட அவரைப் பத்திப் பேசறதெல்லாம் என் காதுலயும் விழுது. இங்க பாரும்மா, அவர் வர்ற அன்னிக்கு உன் வாயிலேர்ந்து ஒரே ஒரு 'டா' வந்துச்சு, மறுநாள்லேர்ந்து உனக்கு உள் ரூம்தான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

"வேற யாரையாவது வெச்சு மாட்டிவிடுங்களேன்."

"வேற யாருக்கு உன் கை இருக்கு? கை மட்டும் வரட்டும். வாய் வீட்லயே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை ஆரம்பித்தது. சித்தப்பாதான் கொட்டாவி சார். அவர் மூக்கில் ஒரு பழைய பிரேமை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்தாள் சித்தி. அவர்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சித்தி அவரை வாழ்நாளில் 'நீ, வா, போ' தவிர வேறு மாதிரி கூப்பிட்டதே இல்லை.

"வாங்க சார். உக்காருங்க சார். தலையைக் கொஞ்சம் நேரா வெச்சுக்கறீங்களா சார்?"

சித்தப்பா முதலில் நெளிந்தார். பிறகு நிமிர்ந்தார். அப்புறம் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் டீ வரும் நேரத்துக்கு அவராகவே அந்த நாற்காலியில் பிரேமோடு போய் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, இங்க உக்காந்திருக்கே?" என்றாள் சித்தி.

"ஒத்திகை இல்லையா?"

"அதெல்லாம் நேத்தே முடிஞ்சுது. எந்திரிச்சுப் போய் டீயை நீயே எடுத்துக்கோ."

சித்தப்பா பிரேமைக் கழற்றிய விதத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

அந்த நாள் வந்தது. நான் ஸ்கூல் படிப்பை முடித்துவிட்டுச் சித்தி வீட்டில் சும்மா இருந்ததால் கூட்டத்தோடு கூட்டமாக நானும் கடைக்குப் போய்விட்டேன். விஷயம் எப்படியோ தெருவெல்லாம் தெரிந்திருந்தது. முதலாளி காலையிலிருந்து எல்லாரிடமும், "சார்னு மட்டும் கூப்பிடுங்க. முன்னாடி எதையும் சேக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கார் வந்து நின்றதும் அவரே கதவைத் திறந்துகொண்டு ஓடி, "வாங்க கொட்டாவி சார்!" என்றார். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பரவால்ல சார், எங்க வீட்லயே அப்படித்தான் கூப்பிடறாங்க" என்றார் வந்தவர்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்க வைப்பதற்காக அதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. நேரில் அவர் மெலிந்த மனிதர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "இந்தக் கண்ணாடி மூக்குல நிக்கலை" என்றார். அதற்கும் சிரித்தார்கள். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தாங்கலடா சாமி" என்றார்.

பிறகு செல்ஃபி. ரசிகர்கள் அவர் பக்கத்தில் வந்து நின்று சிரிக்கவில்லை, கொட்டாவி விட்டார்கள். அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதையாம். அவரும் கூடவே விட வேண்டும். ஒவ்வொரு போட்டோவுக்கும் இரண்டு வாய் திறந்தது, குடும்பமாக வந்தால் ஐந்தாறு திறந்தது. தெருவிலிருந்து பார்த்தவர்கள் இதைப் பல் டாக்டர் கடை என்று நினைத்திருப்பார்கள்.

சித்தி அருமையாக நடந்துகொண்டாள். "வாங்க சார். உக்காருங்க சார்." முதலாளி ஒவ்வொரு 'சார்' வரும்போதும் தலையை ஆட்டினார், பாட்டு வாத்தியார் தாளம் போடுவது போல. சித்தி அவருக்கான புதுப் பிரேமை மாட்டிப் பார்த்தாள். கழற்றி, சூடு காட்டி, வளைத்தாள். மறுபடியும் மாட்டினாள். அந்த நேரத்தில் ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், பாப்பாவுக்கு ஒண்ணு" என்றாள். அவர் கொட்டாவி விட்டார். பிரேம் சறுக்கி மூக்கு நுனிக்கு வந்தது.

"வாயைத் திறக்காதீங்க சார்" என்றாள் சித்தி.

"சாரிங்க."

மறுபடியும் சூடு, மறுபடியும் வளைவு. ஒரு காலேஜ் பையன், "தலைவா, எங்க ஃப்ரெண்ட்ஸுக்காக" என்று போனை நீட்டினான். அவர் வாயைத் திறந்தார். பிரேம் சறுக்கியது.

"சார், தயவுசெஞ்சு..." சித்தியின் கழுத்தில் ஒரு நரம்பு தெரிந்தது.

மூன்றாவது தடவை பிரேம் சரியாக உட்கார்ந்தது. இரண்டு காதுக்கும் கணக்குச் சரியாக வந்துவிட்டது. கம்பி முனையை மட்டும் ஒரு நிமிஷம் பிடித்துக் குளிரவிட வேண்டும். சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பின்னாலிருந்து யாரோ, "சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தினார்கள். அவர் தலையைத் திருப்பி, ஊரையே விழுங்குவது போல வாயைப் பிளந்தார்.

"டேய்! வாயை மூடுடா! காது ஆடுது!"

முதலாளி பக்கத்தில் இருந்த பிரேம் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். அதில் இருந்த பிரேம்கள் கடகடவென்று நடுங்கின.

கொட்டாவி சார் சித்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"என் காது எங்க ஆடுது? உன் கைதான் ஆடுது!" என்றார்.

"என் கையா? இத்தனை வருஷமா இந்தக் கை ஆடி யாராவது பாத்திருக்காங்களா? நீ நிமிஷத்துக்கு ஒரு தரம் வாயைத் திறந்தா நான் என்னடா பண்றது?"

"அவங்க திறக்கச் சொல்றாங்க. நான் என்ன பண்ண?"

"சொன்னா திறந்துடுவியா? அது உன் வாயா, ஊர் வாயா?"

"நீ வந்து அந்தக் கூட்டத்துல நின்னு பாரு, அப்பத் தெரியும்."

"பேசாதே. பேசினாலும் ஆடும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். அடிவாங்கிய தம்பி உட்காருவது போல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சித்தி கம்பியைப் பிடித்தபடியே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் இங்க கொட்டாவி விடக் கூடாது."

விடக்கூடாது என்று சொன்னால் வராமல் இருக்குமா? எனக்கே தாடை வலித்தது. காலேஜ் பையன் கன்னத்தைக் கடித்துக்கொண்டான். கடைசியில் முதலாளிக்குத்தான் அடக்க முடியவில்லை. பயத்தில் வந்ததோ என்னவோ, கண்ணில் தண்ணீர் வர ஒரு நீளமான கொட்டாவி விட்டார். கொட்டாவி சார் அதைக் கவனமாகப் பார்த்தார்.

"இதுதான் சார் கொட்டாவி. எனக்கு இப்படி ஒரு நாளும் வந்ததில்லை" என்றார்.

கம்பி குளிர்ந்துவிட்டது. அவர் எழுந்து தலையை இப்படியும் அப்படியும் உதறினார். குதித்தும் பார்த்தார். கண்ணாடி அசையவில்லை. அவராகவே சித்தியோடு ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்டார். "வாயை மூடிக்கிட்டு நின்னா வர்றேன்" என்றாள் சித்தி. அந்தப் போட்டோவில் அவர் வாய் மூடியிருக்கிறது. சித்தியின் வாய் திறந்திருக்கிறது, பேசிக்கொண்டிருந்ததால்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வாசல் காவலாளிக்கு இனி எல்லாருக்கும் அனுமதி என்று தோன்றிவிட்டது. கார் கதவைத் திறந்துவிட்டு, "டேய் கொட்டாவி, எனக்கும் ஒரு செல்ஃபிடா!" என்றார்.

கொட்டாவி சார் நின்றார். "யாரைடா 'டா'ன்றே?"

காவலாளி சல்யூட் அடித்தார். கார் போய் மறையும்வரை கையை இறக்கவில்லை.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர். மறுநாள் காலை சித்தியின் சின்ன ஸ்க்ரூ டிரைவர், குறடு எல்லாம் உள் அறைக்குப் போய்விட்டன. "பிரேம் வித்துச்சு, சரி. ஆனா நான் சொன்னதைச் சொன்னபடி செய்யலைன்னா நாளைக்கு இந்தக் கடையில யாரு என்னை மதிப்பாங்க?" என்றார். அந்த வாரம் வீட்டில் சித்தி டி.வி.கூடப் போடவில்லை. சித்தப்பா தானாகவே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனால் கூட்டத்தில் யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். 'வாயை மூடுடா அக்கா' என்று அது ஊர் முழுக்கச் சுற்றியது. கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நல்ல கண் இருப்பவர்கள்கூட வந்தார்கள். "டா போட்டாங்களே, அந்த அக்கா எங்க? அவங்கதான் மாட்டிவிடணும்" என்றார்கள். முதலாளி இரண்டு நாள் சமாளித்தார். மூன்றாம் நாள் உள் அறைக் கதவைத் தட்டி, ஸ்க்ரூ டிரைவரையும் குறடையும் அவரே தூக்கிக்கொண்டு வந்து வாசல் பக்கத்து மேஜையில் வைத்தார்.

சித்தி தன் இடத்தில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். வெள்ளை முடி, தேய்த்த சட்டை.

"வாங்க சார். உக்காருங்க சார்" என்றாள் சித்தி.

அவள் பிரேமை மாட்டிவிட்டதும் ஹெட்மாஸ்டர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அந்த நடிகரைச் சொன்ன மாதிரி என்னையும் ஒரு வார்த்தை சொல்லும்மா. என்னை அப்படிக் கூப்பிட இப்ப யாருமே இல்லை."

"ஐயோ, உங்களைப் போய் எப்படி சார்?"

முதலாளி பின்னால் வந்து நின்றார். "சொல்லேம்மா. கஸ்டமர் கேக்கறாரில்ல? ஒரே ஒரு 'டா' தானே?"

சித்தி முயற்சி செய்தாள். நானே பார்த்தேன். வாயைத் திறந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. வரவில்லை.

"முடியல சார். அவனை எனக்குப் பல வருஷமாத் தெரியும். உங்களை இப்பத்தானே பாக்கறேன்."

"நான் வேணா வாயைத் திறக்கட்டுமா?" என்று ஹெட்மாஸ்டர் ஆசையோடு கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டு, முழு வாயையும் திறந்தார். பிரேம் சறுக்கியது. முதலாளி கையைப் பிசைந்தார்.

"வாயை மூடிக்கோங்க சார்" என்றாள் சித்தி, மிகவும் மரியாதையாக.

ஹெட்மாஸ்டர் முகம் வாடிவிட்டது. சித்தி மறுபடியும் வளைத்து மாட்டிய கண்ணாடி மட்டும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.