இருட்டறையில் விழுந்த அடி

இருட்டறையில் எக்ஸ்ரே படம் கழுவிச் சம்பளம் வாங்கினவன் நான், பேய்க்குப் பயந்தால் அடுப்பு எரியுமா? எனக்குப் பயமெல்லாம் என் மனைவியிடம் மட்டும்தான். இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் சிரியுங்கள்.

தொண்ணூற்று நாலோ அஞ்சோ, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. போத்தனூர் லாரி டிரைவர் ஒருவர் வந்தார், நெஞ்செலும்பைத் துளைத்துக்கொண்டு எலுமிச்சை அளவில் ஒரு கட்டி, அது துடிக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் அவர் தலை ஆடும். எதைக் கேட்டாலும் ஆமாங்கிறீங்களே என்று கேலி செய்த புண்ணியவான் நான்தான். வாலிப வயசில் வெளியூரில் வாங்கிவந்த மேகநோய், அதான் சிபிலிஸ், இருபது வருஷம் ஒளிந்திருந்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயை அரித்துவிட்டதாம். மனைவிக்கும் உடனே ரத்தம் பார்க்கணும் என்றார் டாக்டர். டிரைவருக்கு அதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்களே அவகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார் என்னிடம். சரிங்க என்றேன்.

மறுநாள் காலை படமெடுக்க நிறுத்தினபோது இருமினார், கட்டி வெடித்துவிட்டது. ரத்தம் சுவரிலும் என் முகத்திலும் பீய்ச்சியடித்தது. இரண்டு கையாலும் என் காலரைப் பிடித்து உலுக்கினார், அப்படியே என்மேல் சரிந்து செத்தார்.

அவர் மனைவி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார். "ஏனுங்க, அவருக்கு என்ன நோவுங்க?" என்று கேட்டார். அந்தப் பேச்சை ஒரு பெண்ணிடம் எப்படி எடுப்பது? சூட்டுக் கட்டிதானுங்க அம்மணி என்று மரியாதையாகப் பொய் சொல்லிவிட்டு, இருட்டறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டேன்.

நம்பினால் நம்புங்கள், உள்ளே இரண்டு கை என் காலரைப் பிடித்தது. சுவரில் மோதிய மோதலில் முன்பல் இரண்டு போயிற்று, பிடரியை அழுத்தி மருந்துத் தொட்டிக்குள் முகத்தை முக்கியது, மூச்சு முட்டியது, மறுபடி சுவர். சொல்லிப்போடறேனுங்க என்று, அடி வாங்கும்போதும் 'ங்க' விடாமல் கதறினேன். கொஞ்சம் பொறுத்துத்தான் பிடி விட்டது. வாய் ரத்தத்தோடு ஓடிப்போய் அந்த அம்மாவிடம் நோயைப் பற்றி எல்லாம் சொன்னேன். பல்லுக்கு மட்டும், வழுக்கி விழுந்தேன் என்றேன்.

அந்த அம்மாவுக்கும் நோய் இருந்தது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி, பிழைத்துக்கொண்டார். கடைசி ஊசியன்று என் பொக்கை வாயைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னார்:

"அவரு அடிச்சதை மனசுல வெச்சுக்காதீங்க. விட்டுப்போடுங்கன்னு நாஞ் சொன்னதுக்கப்புறந்தானுங்க விட்டாரு."