கூரை திறந்த காரில் நாங்கள் இருவர்

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு ஓடி வரவில்லை. லொறியின் முதுகில் கயிறு போட்டுக் கட்டப்பட்டு வந்தது. கொழும்பில், வெளிநாடு போய்விட்ட ஒருவரின் வீட்டு முற்றத்தில் பல வருடங்கள் வெயிலிலும் மழையிலும் நின்ற ஜேர்மன் கார். இருவர் மட்டும் இருக்கலாம். மடித்து வைக்கக்கூடிய துணிக்கூரை கிழிந்து, உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தது.

என் கணவர் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பொறிமுறை படிப்பித்து ஓய்வு பெற்றவர். நான் பெண்கள் பாடசாலையில் விலங்கியல் படிப்பித்தேன். எங்கள் வயதில் மற்றவர்கள் காணிக்கு மதில் கட்டுவார்கள், அல்லது பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போவார்கள். இவர் இதை வாங்கினார்.

“எங்களுக்கு உது என்னத்துக்கு?” என்று கேட்டேன்.

“இஞ்சாரும், உப்பிடி ஒண்டை நான் கரும்பலகையில கீறிக் கீறித்தான் படிப்பிச்சனான். கையால தொட்டதில்லை.”

பூஞ்சணம் துடைக்க நான் ஒரு பழந்துணியை எடுத்து வந்தேன்.

அதைத் திருத்தி ஓட வைக்க அவருக்கு இரண்டு வருடமானது. இடையில் ஒருநாள் குசினிக்கு வந்து பிஸ்கற் ரின்னை எடுத்து என் கையில் தந்து, முறுக்கிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி முறுக்கச் சொன்னார். ரின் கோணிக்கொண்டு போனது.

“கூரையை எடுத்தால் காருக்கும் இதுதான். அதாலதான் கதவுக்குக் கீழயும் முன் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளயும் சீற்றுக்குப் பின்னாலயும் கூட இரும்பு வைச்சிருக்கிறாங்கள். பாரம் கூடும்தான். ஆனா வளைவில உடம்பு கோணாது.”

நான்கு சக்கரங்களும் எப்படி இயங்குகின்றன என்பதை அவர் எனக்கு விளக்கியது இப்போதும் நினைவிருக்கிறது. எஞ்சின் முன்னால் குறுக்கே கிடக்கிறது. வழமையான ஓட்டத்தில் பெரும்பாலும் முன் சக்கரங்கள்தான் காரை இழுக்கும். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின்பக்கம் போகிறது. அது போய்ச் சேரும் இடத்தில், எண்ணெய்க்குள் மூழ்கியபடி மெல்லிய தட்டுகள் அடுக்காக இருக்கின்றன. கார் உந்திக் கிளம்பும்போதும், முன் சக்கரம் வழுக்கும்போதும், ஒரு சிறிய பம்ப் எண்ணெயைத் தள்ளி அந்தத் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தும். உடனே பின் சக்கரங்களும் சேர்ந்து தள்ளும். ஓட்டுபவர் எதையும் திருகவோ அமத்தவோ வேண்டியதில்லை.

முதல் ஓட்டம் கடற்கரைப் பக்கம், மயிலிட்டிக்கு. கூரையைத் திறந்துவிட்டுப் போனோம். இருக்கை நிலத்தோடு அவ்வளவு பதிவு, றோட்டில் பாய் விரித்து இருப்பது போலிருந்தது. ஒவ்வொரு குழியும் முதுகெலும்புக்கு வந்து சேர்ந்தது. ஆனால் காற்று தலைக்கு மேலால் போனது. என் சேலைத் தலைப்பு அசையவேயில்லை. துறைமுகத்துக்குத் திரும்பும் வளைவில் வேகத்தைக் குறைத்து, பாதி திரும்பியதும் அக்சிலேற்றரை மெல்ல அமத்தினார். கார் நிலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது.

“முதுகில ஆரோ கை வைச்சுத் தள்ளின மாதிரி இல்லையே?”

“ஓம்,” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

திரும்பி வரும்போது என்னை ஓட்டச் சொன்னார். கியர் மாற்றத் தேவையில்லாத கார் என்பதால் ஒப்புக்கொண்டேன். “ஸ்ரியரிங்கை நெரிக்காதையும். முட்டையைப் பிடிக்கிற மாதிரிப் பிடியும்,” என்றார். வீடு வரும்வரை வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாசியில் ஒரு காலை குளியலறையில் விழுந்தார். பாரிசவாதம். வலக்கையும் வலக்காலும் வேலை செய்யாமல் போயின. அவற்றோடு பேச்சும் போனது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும், தான் நினைப்பதைச் சொல்லத்தான் வராது. “ஓம்” வந்தது. இல்லை என்பதற்கு “சீ” வந்தது. தேநீரைக் காட்டி “சாவி” என்பார். பிழை என்று அவருக்கே தெரியும். கண்ணை மூடிக்கொள்வார். நாற்பது வருடம் வகுப்பில் கதைத்த மனிதர்.

வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டாம், வெளியே கொண்டு திரியுங்கள் என்று வைத்தியர் சொன்னார். முச்சக்கர வண்டியில் அவரால் சாய்ந்து இருக்க முடியவில்லை. வாடகைக் காரில் ஏற்றினால் தலை கூரையில் இடித்தது. கடைசியில் எங்கள் காரின் கூரையைத் திறந்து, கதவையும் திறந்து, இடுப்பில் பட்டி ஒன்றைக் கட்டி, நின்றபடியே அவரை இருக்கையில் இறக்கினேன். மேலே மறைக்க ஒன்றுமில்லாததால் என் ஒருத்தியாலேயே அது முடிந்தது. அன்றிலிருந்து பின்னேரங்களில் போய் வந்தோம்.

சில வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒருநாள் சந்தியில் திரும்பி வேகமெடுத்தபோது அவர் திடீரென்று, “பின்னுக்கு,” என்றார்.

“என்ன? வீட்டை போவமோ?”

“சீ. பின்னுக்கு.” இடக்கையைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் காட்டினார்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு சைக்கிள் மட்டும் வந்துகொண்டிருந்தது. களைத்துவிட்டார், திரும்பிப் போகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திருப்பினேன். அவர் கதவில் கையால் அடித்தார். வீட்டு வாசலில் அழுதார்.

அடுத்த முறையும் அதே சொல். அதற்கடுத்த முறையும். தேநீரைச் சாவி என்பவர் பின்னுக்கு என்று எதைச் சொல்கிறாரோ என்று யோசித்துப் பார்த்தேன். ஊர்ச்சனம் தன்னைப் பார்ப்பது பிடிக்கவில்லையோ? முதுகு நோகிறதோ? தலையணை வைத்தேன். கூரையை மூடிக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு கேள்விக்கும் “சீ” என்றுதான் பதில் வந்தது. முடிவில் அவரைக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். கார் படங்கு போர்த்து நின்றது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார்.

“அம்மா, அந்தக் காரைக் காணக் காண அப்பாவுக்கு வேதனைதானே. வித்துவிடுங்கோ,” என்று கனடாவிலிருந்து மகள் சொன்னாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடும் ஒருவர் வந்து பார்த்தார். பிடித்துக்கொண்டது. அடுத்த கிழமை வந்து எடுப்பதாகச் சொல்லிப் போனார்.

கொடுக்க முன்னர் ஒருமுறை என் கணவரைச் செல்வச்சந்நிதிக் கோயிலுக்குக் கொண்டுபோய் வரலாம் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கூரையைத் திறந்து, வழக்கம் போல இறக்கி இருத்தி, தொண்டைமானாற்றுக்கு ஓடினேன். கோயிலைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று ஆற்றங்கரை ஓரமாக, மணலில் கொஞ்சம் இறக்கி நிறுத்தினேன். மணிச் சத்தம் கேட்டது. அவர் இடக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். திருநீறு வாங்கி வந்து பூசிவிட்டேன்.

புறப்படும்போது கார் நகரவில்லை. அமத்தினேன். முன்னால் மணல் தெறித்தது. இன்னும் அமத்தினேன், முகப்பு தாழ்ந்தது.

“பின்னுக்கு,” என்றார் அவர். சத்தமாக.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் பாதி புதைந்திருந்தன. பின்பக்கம் வந்தேன். பின் சக்கரங்களைச் சுற்றி மணல் கலையவே இல்லை. வரும்போது பதிந்த ரயர் அடையாளம் கோலம் போட்டது போல் அப்படியே கிடந்தது. இரண்டும் துளிகூடச் சுற்றியிருக்கவில்லை.

எண்ணெய்க்குள் மூழ்கிய தட்டுகள் என்று அவர் சொன்னது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் இருந்த பக்கம் போய்க் கதவைப் பிடித்தேன்.

“பின் சில்லு வேலை செய்யேல்லை. அதையோ சொன்னனீங்கள்? இவ்வளவு நாளும் அதையோ சொன்னனீங்கள்?”

“ஓம்,” என்றார். “ஓம். ஓம்.” கண்ணால் நீர் ஓடியது, ஆனால் முகம் சிரித்தது. நான் அந்த மணலிலேயே குந்திவிட்டேன்.

எத்தனை பின்னேரங்கள். ஒரு நோயாளியை உலாத்தக் கொண்டுபோகிறேன் என்று நான் நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு வளைவிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உணர்ச்சி குறைந்த பாதி உடம்போடு, முதுகில் அந்தத் தள்ளல் இல்லாததைக் கண்டுபிடித்து, கைக்கு எட்டிய ஒரேயொரு சரியான சொல்லை வைத்துச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நான் அவரை வீட்டுக்குத் திருப்பியிருக்கிறேன்.

கோயிலுக்கு வந்தவர்கள் தென்னோலைகளைச் சக்கரத்தின் கீழ் போட்டுத் தள்ளி எங்களை றோட்டில் ஏற்றிவிட்டார்கள்.

அவரிடம் படித்து இப்போது சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கும் ஒருவரிடம் அன்றே போனோம். கராஜ்காரர் கணினியைக் காரில் பொருத்திப் பார்த்துவிட்டு, “சேர், ஒரு பிழையும் காட்டேல்லையே,” என்றார். இவர் மடித்துக் கொண்டுபோன சக்கர நாற்காலியில் இருந்தபடி இடக்கையால் காரின் பின்பக்கத்தையே காட்டினார். காரை உயர்த்தி அந்தத் தட்டுகளின் எண்ணெயை இறக்கினார்கள். கறுப்பாக வந்தது. பம்பைக் கழற்றியபோது அதன் வாயில் எண்ணெயை வடிகட்டும் சிறிய வடி, தட்டுகள் தேய்ந்த சேற்றால் முற்றாக அடைபட்டிருந்தது. எண்ணெய் போகாமல் தட்டுகளை அழுத்துவது எப்படி?

இவர் கையை நீட்டினார். வடியை வாங்கி, சேற்றை விரல்களுக்கிடையில் தேய்த்து, மணந்து பார்த்தார்.

“ரீச்சர், சேர் இதை எப்பிடிக் கண்டுபிடிச்சவர்?”

“சீற்றில இருந்துதான்,” என்றேன்.

வடியைக் கழுவிப் பூட்டிப் புது எண்ணெய் விட்டார்கள். கலியாணக் கார்க்காரருக்கு நான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டார், நியாயம்தான்.

மழை தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் வல்லை வெளிக்குப் போனோம். கூரை மூடியிருந்தது, துணியின் மேல் மழை விழும் சத்தம் கூடாரத்துக்குள் கேட்பது போலிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். ஈர றோட்டில் திருப்பத்தைக் கடந்து மெல்ல அமத்தினேன். முன்பக்கம் இலேசாக வழுகத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே பின்னாலிருந்து தள்ளல் வந்தது. கார் நேராகி, அமைதியாக முன்னே போனது. அவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தலையை இருக்கையில் சாய்த்திருந்தார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இன்னும் அமத்தினேன்.

“மெல்ல,” என்றார்.

வேகமானியைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சொல்லும் சரி.

அதற்குப் பிறகு இன்னும் சில சொற்கள் வந்தன. “உப்பு” வந்தது. மகளின் பெயர் வந்தது. என் பெயர் வரவேயில்லை. இடக்கையால் கட்டிலில் தட்டிக் கூப்பிடுவார், அது போதுமாக இருந்தது. அந்த மாரி முழுக்கவும், பிறகு பனங்கிழங்கு கிண்டும் காலம் வரைக்கும் ஓடித் திரிந்தோம். காரில் ஏதாவது சத்தம் கேட்டால் அவர் விரலைத் தூக்குவார். நான் ஓரத்தில் நிறுத்தி, “முன்னுக்கோ? கீழயோ?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவசரமில்லை. பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடித்துவிட்டுப் போகட்டும்.

சித்திரையில் பாரிசவாதம் இரண்டாம் தடவை வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலமானார். மகள் வந்து செலவுச் சடங்கு வரை நின்றாள். போகும்போது காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போதும் நான்தான் ஓட்டுகிறேன். எண்ணெய் மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றுகிறேன். கொடிகாமம் சந்தைக்குப் போனால், வெள்ளைத் தலையோடு இதிலிருந்து இறங்கும் கிழவியைச் சனம் ஒருமுறை நின்று பார்க்கும். போன கிழமை நல்ல பெரிய பலாப்பழம் ஒன்று வாங்கி அவர் இருந்த இடப்பக்க இருக்கையில் வைத்தேன். காரை எடுத்ததும், பட்டி போடச் சொல்லி மணி அடிக்கத் தொடங்கியது. அந்தப் பாரத்தை அது ஆளென்று நினைத்துவிட்டது. கொஞ்சத் தூரம் கேட்டுக்கொண்டே ஓடினேன். பிறகு ஓரத்தில் நிறுத்தி, பலாப்பழத்துக்கு மேலால் பட்டியை இழுத்துக் கொளுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.