வலம் வராத குதிரைகள்

பாலக்கரை நசுருதீன் பாயின் கல்லச்சுக் கூடத்தில் சவரிநாதன் இருபத்திரண்டு வருஷம் சுருட்டு லேபிள் எழுதினான். கிளி, யானை, மயில், மீசை வைத்த ராஜா, மீசை வைக்காத ராணி என்று அவன் எழுதாத ஜீவராசியே கிடையாது. திருச்சி சுருட்டு லண்டனில் புகைந்தது என்றால், பாதி புகையிலையால், பாதி சவரிநாதனின் கிளியால். ஆனால் எந்த லேபிளிலும் அவன் பேர் ஓர் எழுத்துகூட இருக்காது. கம்பெனிக்காரர் பேர் பூசணிக்காய் அளவில் இருக்கும்.

கல்லச்சில் ஒரு சங்கடம் உண்டு. கல்லின்மேல் மெழுகு மையால் எழுதியதைக் காகிதத்தில் அழுத்தினால் இடது வலதாகிவிடும். அதனால் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பித்தான் எழுத வேண்டும். சவரிநாதனுக்கு அது அப்படியே கையில் ஊறிப் போயிருந்தது. மாமனாருக்கு அவன் போட்ட கடுதாசியை அந்த மனுஷர் சவரக் கண்ணாடியில் காட்டித்தான் படித்தாராம். படத்துக்கு மட்டும் அந்தக் கஷ்டம் இல்லை. கிளி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, சுருட்டு புகையத்தானே போகிறது!

முப்பத்து நாலாம் வருஷம் கண்டோன்மென்ட்டில், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டார்கள். பாய் ஒரு பீரோ எடுத்தார். உள்ளே ஒரு பழைய அட்டை கிடந்தது. வட்டமான ஓட்டப் பாதை, அறுபது கட்டம், ஆறு குதிரை. பகடை உருட்டி, காயை நகர்த்தி, முதலில் போய்ச் சேருகிறவனுக்கு ஜெயம். சீமையில் அச்சடித்த குதிரைப் பந்தய ஆட்டம்.

சவரிநாதன் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதாவது, மூன்று தோசையோடு நிறுத்திக்கொண்டான்.

"பாய், இதை நம்ம ஊரு மாதிரி நான் எழுதறேன். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல வித்துடலாம். அன்னிக்குக் கண்ணு முழிக்கறதுக்கு வீட்டுக்கு வீடு பரமபதம் ஆடுவாங்க. கூட இதையும் ஆடட்டுமே."

பாய் தாடியைத் தடவினார். "ஐந்நூறு தாள் தரேன். ஏகாதசிக்குள்ள அத்தனையும் போச்சுன்னா நீ எழுதற கல்லு உன்னுது. உன் பேரைப் போட்டு என்ன ஆட்டம் வேணும்னாலும் எழுதிக்க. ஒரு தாள் மிஞ்சினாலும், மூச்சு விடாம கிளி எழுதணும். சம்மதமா?"

"சம்மதம் பாய்!"

சவரிநாதன் ஆயுசில் பந்தயக் குதிரையைப் பார்த்ததில்லை. ஜட்கா ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து, விலா எலும்பை எண்ணி எண்ணி ஆறு குதிரை எழுதினான். துரையின் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதை போட்டான். நடுவில் மலைக்கோட்டை. கட்டத்துக்குக் கட்டம் நம்ம ஊர் சமாசாரம்: 'கொள்ளுக் கடையைக் கண்டு நின்றது, ஒரு ஆட்டம் இழப்பு.' 'காவேரிப் பாலத்தில் தலைப்பாகை பறந்தது, மூன்று கட்டம் பின்னே.' 'உச்சிப் பிள்ளையார் மணி கேட்டு மிரண்டது, ஐந்து கட்டம் முன்னே.' ஓரத்தில் அவன் பேர்.

முதல் தாளில் தன் பேரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு ஐந்நூறையும் அடித்து முடித்தான்.

ஏகாதசிக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனான். கீழச் சித்திரை வீதியில் யதிராஜன் என்ற ஐயங்கார் வளையல், சொப்பு, பரமபதத் தாள் எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தார். அவர் தாளை விரித்து, "பேஷ்!" என்றார். விரலை ஒன்றாம் கட்டத்தில் வைத்து இரண்டு, மூன்று என்று நகர்த்திக்கொண்டே போனார். பத்தாவது கட்டத்தில் விரல் நின்றது.

"ஓய் சவரி, என்னங்காணும் இது? அப்பிரதட்சிணமான்னா சுத்தறது!"

"அப்படின்னா சாமி?"

"பெருமாளை எப்படி வலம் வருவோம்? இப்படி." கடிகாரம் போகிற பக்கமாகக் கையைச் சுற்றிக் காட்டினார். "உம்ம குதிரை எல்லாம் மலைக்கோட்டைப் பிள்ளையாரை இடம் சுத்தறது. ஏகாதசி அன்னிக்கு இதைக் கடையில தொங்கவிட்டா, என் ஆத்துக்காரி இதை விக்க மாட்டா. என்னைத்தான் விப்பா."

துரையின் அட்டையில் குதிரைகள் வலமாகத்தான் ஓடின. சவரிநாதனின் கை பழக்கத்தில் எண்களைத் திருப்பி எழுதிவிட்டு, படத்தைக் கிளி மாதிரி நேராகவே போட்டுவிட்டது. அச்சில் பாதை மொத்தமும் புரண்டுவிட்டது. கொள்ளிடம் தலைக்குமேல் ஓடுகிற மாதிரி இருந்தது அவனுக்கு. இனி சாகிற வரைக்கும் கிளிதான்.

வீட்டுக்கு வந்து தாளைத் தரையில் போட்டான். அவன் மனைவி சகாயம்மாள் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, குதிரைக்குக் காய்ச்சலா? இப்படி எலும்பா இருக்கு!"

"நீ வேறடி. அது தப்புப் பக்கமா ஓடுதாம்."

"போறப்போ அப்படி ஓடிச்சின்னா, திரும்பி வர்றப்போ சரியாயிடும். போன குதிரை வீட்டுக்கு வர வேணாமா? பந்தயத்துலயே கெடந்து சாவுமா?"

சவரிநாதன் அவளைப் பார்த்தான். தாளைத் திருப்பிப் போட்டான். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. எழுந்த வேகத்தில் நிலைப்படியில் தலை இடித்தது. நிலைப்படிக்குத்தான் நல்ல அடி.

"பாய், கல்லைத் தேச்சுட்டு மறுபடி எழுதறேன்."

"காகிதம் ஒண்ணுகூடத் தர மாட்டேன், ஆமா!"

"காகிதமே வேணாம் பாய். இருக்கற காகிதத்துக்கு முதுகு இருக்கு."

பாய் சிரித்தார். சவரிநாதன் மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைத் தேய்த்தான். தேய்த்த தேய்ப்பில் காவேரியில் பாதி மணல் தீர்ந்தது. இந்தத் தடவை சகாயம்மாளின் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கல்லுக்கு எதிரே நிறுத்தி, குதிரை, கட்டம், கோட்டை எல்லாவற்றையும் திருப்பியே எழுதினான். அவள் நாலு நாள் வகிடு கோணலாக எடுத்துக்கொண்டு நடமாடினாள். அறுபதாம் கட்டத்தில், 'தாளைத் திருப்பு. முதலில் வந்தவருக்கு அந்தப் பக்கம் ஐந்து கட்டம் சலுகை' என்று எழுதினான்.

யதிராஜன் முன்பக்கத்தில் விரலை ஓட்டினார். வலமாகப் போனது. தாளைத் திருப்பினார். புருவம் ஏறியது.

"இது லாயத்துக்குத் திரும்பற வழி சாமி," என்றான் சவரிநாதன் அவசரமாக.

"கொள்ளு திங்கப் போற குதிரைக்கு ஏதுங்காணும் பிரதட்சிணம்? எப்படி வேணா போகட்டும்." மறுபடி திருப்பினார். "நூத்தி இருபது கட்டம்! பரமபதம் சீக்கிரம் முடிஞ்சு தூக்கம் வந்துடறது. இது விடியற வரைக்கும் இழுக்கும். அத்தனையும் கொண்டாரும்!"

ஏகாதசிக்கு முதல் நாள் மத்தியானமே ஐந்நூறும் தீர்ந்தது. கடைசித் தாளுக்கு இரண்டு மாமிகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, யதிராஜன் நடுவில் நின்று ஒரு வேஷ்டி முனையை இழந்தார்.

துவாதசி காலையில் அவரே ஜட்கா பிடித்து பாலக்கரைக்கு வந்துவிட்டார்.

"ஓய், பொங்கலுக்கு இன்னும் முந்நூறு வேணும். ரெண்டு பக்கமும் இருக்கணும். லாயத்துக்குத் திரும்பறதுலதான் சண்டையே சூடு பிடிக்கறதாம்!"

நசுருதீன் பாய் கல்லைத் தட்டிக் காட்டினார். "சொன்ன சொல்லு சொல்லுதான். இது உன்னுது சவரி. எடுத்துக்க."

சவரிநாதன் கல்லைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"பாய், ரெண்டு பக்கம் ஆச்சே. இன்னொரு கல்லும் வேணும்."

"அடப்பாவி! ஒண்ணு குடுத்தா ஒண்ணு கேக்கறியே!" என்று சொல்லிக்கொண்டே பாய் உள்ளே போய், இரண்டு ஆளை விட்டு இன்னொரு கல்லைத் தூக்கிவரச் செய்தார்.

தேய்த்து அழித்துவிட்ட அந்தத் தப்பான பக்கத்தைச் சவரிநாதன் மறுபடியும், அதே தப்போடு, வேண்டுமென்றே எழுத உட்கார்ந்தான். கர்த்தர் சாட்சியாக, அவன் ஆயுசிலேயே அவ்வளவு வேர்த்து எழுதின படம் அதுதான்.