ஆள் இல்லாமல் எடுத்த படங்கள்

எங்கள் வீட்டில் என் தங்கையின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. புதுச்சட்டை போட்டு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் போட்டோ எடுப்பதே ஒரு விசேஷம் மாதிரி, நாள் பார்த்துத்தான் போவார்கள். பார்த்த நாள் வருவதற்குள் இளைப்பு நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு அப்போது ஐந்து வயது, எனக்கு எட்டு.

வளர வளர அவள் முகம் எனக்கு மறந்துபோயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு ஞாபகம்தான். குற்றாலத்தில், சாரலில் நனைந்த பாறைமேல், கொலுசு குலுங்க ஓடும் இரண்டு சின்னக் கால்கள். அந்தக் கால்களை நினைத்துக்கொண்டால்தான் எனக்கும் ஒரு தங்கை இருந்தாள் என்று நம்ப முடிந்தது.

எண்பதுகளில் சென்னையில் ஓவியம் படித்தேன். கடைசி வருடக் கண்காட்சிக்கு என்ன செய்யப்போகிறாய் என்று ஆசிரியர் கேட்டபோது, “எங்க வீட்டுப் பழைய சாமான்களை, அது அது புழங்கின இடத்துல, ஆள் இல்லாம வச்சுப் படம் எடுக்கப் போறேன்” என்று பெரிதாக அளந்துவிட்டேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கொலுசுப் படம் ஒன்றுதான். மற்றதெல்லாம் துணைக்கு.

தோழியின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு சீசன் சமயம் ஊருக்கு வந்தேன். அப்பா இறந்து அம்மா தனியாக இருந்தாள். முதலில் அப்பாவின் மரப்பிடிக் குடையை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் சாய்த்துவைத்தேன். தூரப் போய்க் கேமராவைத் தூக்குவதற்குள் ஒரு பெரியவர், “கொடையை மறந்துட்டுப் போறியளே தாயி” என்று கொண்டுவந்து கையில் கொடுத்தார். திரும்பவும் வைத்தேன். இன்னொருவர் கொண்டுவந்தார். இந்த ஊரில் ஒரு பொருளை அநாதையாக விடுவது அவ்வளவு லேசில்லை.

பெட்டியில் இருந்த வெள்ளிக் கொலுசைக் கேட்டேன். அம்மா சிறு பிள்ளையாக இருந்தபோது போட்டது, பிறகு நான் போட்டேன், பிறகு தங்கை. எதற்கென்று கேட்காமல் அம்மா எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் பழைய குற்றால அருவிக்குப் போனேன். ஓடுகிற கால்கள் மாதிரி, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலுமாக ஈரப்பாறையில் வைத்து எடுத்தேன். கேமராவில் கண்ணை வைத்தபடியே அழுதேன். சாரலில் அது யாருக்கும் தெரியாது.

பிரிண்ட் போட்டுக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், “ஒரு படத்துலயும் ஆளையே காணோமே, பிலிமை வீணாக்கிட்டியளே” என்று வருத்தப்பட்டார்.

அம்மா ஒவ்வொரு படத்தையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொலுசுப் படம் வந்ததும் நின்றுவிட்டாள்.

“இது என்னட்டி?”

“தங்கச்சிம்மா. குத்தாலத்துல கொலுசு போட்டுட்டு ஓடுவாள்லா, அது.”

“என்னட்டி சொல்லுத? அவளை ஒருநாளும் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போனதே இல்லியே. சாரல் பட்டா இளைப்பு வந்துரும்லா. பக்கத்து வீட்டுல விட்டுட்டுத்தான் நாம போவோம். நாம பஸ்ஸுக்குக் கெளம்பையில சன்னல் கம்பியப் பிடிச்சிட்டு நிப்பா.”

“அப்போ இந்தக் கொலுசு?”

“இது நீ போட்டது. அவ காலு இந்தக் கனத்தைத் தாங்காதுன்னு அப்பா அவளுக்கு லேசா ஒண்ணு புதுசா வாங்கினாக. அது அவகூடவே போயிட்டு. அடக்கம் பண்ணையில கழத்தவே விடல அப்பா.”

பாறையில் ஓடியது நான்தான். இத்தனை வருடமும் என் கால்களையே தங்கை என்று பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன். அவளைப் பற்றி எனக்கென்று ஒன்றுமே இல்லை. சன்னல் கம்பியைப் பிடித்து நின்றவளை எவ்வளவு யோசித்தும் என்னால் பார்க்க முடியவில்லை. படத்தைக் கிழித்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

அம்மா கொடுக்கவில்லை. “இருக்கட்டும். கூட்டிட்டுப் போயிருந்தா இப்படித்தானே ஓடியிருப்பா.”

கண்காட்சிக்குக் குடையையும் மற்றப் படங்களையும் மட்டும் கொண்டுபோனேன். கொலுசுப் படத்தை அம்மா சட்டம் போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை வாங்குகிற பூவை இரண்டாகக் கிள்ளி, ஒரு துண்டு அப்பாவுக்கு, ஒரு துண்டு இதற்கு.

அது என் கொலுசு என்று பிறகு ஒருநாளும் அவள் சொன்னதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், “சின்னவ. குத்தாலம் போயிருந்தப்ப எடுத்தது” என்பாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.