மைக் செட் சாமுவேல் தோற்கடித்த காஞ்சிபுரம்

மகளிர் கபடி இறுதிப் போட்டியில் காஞ்சிபுரம் மாவட்டம் செங்கல்பட்டு மாவட்டத்திடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. மறுநாள் காலை சாமுவேல் வழக்கம்போல புவனேஸ்வரியின் டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் இடம் நிறைய இருந்தது. ஆனால் அவர் எங்கே உட்காரப் போனாலும் அங்கே யாராவது காலை நீட்டிக்கொண்டார்கள். புவனேஸ்வரி டீயை நீட்டினாள். அதில் சர்க்கரை இல்லை. சாமுவேலுக்குச் சர்க்கரை நோயும் இல்லை.

"சர்க்கர போடலியேம்மா?"

"செங்கல்பட்டுல போயி போட்டுக்கங்கண்ணே. அவங்க நெறைய தருவாங்க."

இத்தனைக்கும் சாமுவேல் கபடி ஆடுகிறவர் இல்லை. மைக் செட் வைத்திருக்கிறவர். சின்ன காஞ்சிபுரத்தில் காதுகுத்தோ, கூழ் ஊற்றலோ, கிறிஸ்துமஸ் கூட்டமோ, எது நடந்தாலும் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவது அவர்தான். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் காலமெல்லாம் கூலிக்குக் குனிந்தவர். பக்கத்து வரப்பில் நிற்பவரைக் கூப்பிடக்கூடக் குரலை உயர்த்தாத மனிதர். அவர் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் வட்டியோடு மகனுக்கு வந்துவிட்டது என்பார்கள் உறவினர்கள். கருடசேவைக் கூட்டத்தில் தொலைந்துபோகும் குழந்தைகளைப் பெற்றவர்களோடு சேர்த்து வைப்பது சாமுவேலின் குரல்தான். ஞாயிற்றுக்கிழமை அதே குரல் சர்ச்சில் வேதம் வாசிக்கும்போது, "சிவப்புச் சட்டை போட்ட குழந்தை" என்று எந்த வசனத்தில் ஆரம்பிக்கப் போகிறாரோ என்று சபையார் காத்திருப்பார்கள்.

கபடி என்றால் அந்தக் குரலுக்குத் தனி வெறி. பல வருஷங்களாக மாவட்ட அணி எங்கே ஆடினாலும் வர்ணனை அவர்தான். சம்பளம் கிடையாது, ஆண்டுக்கு ஒரு சால்வை உண்டு. நடுநிலைமை என்பது அவர் கேள்விப்படாத சமாச்சாரம். நம் பெண் ஒருத்தி எதிராளியைத் தொட்டால், "காஞ்சிபுரத்துப் புலி பாய்ந்தது!" என்பார். எதிரணிப் பெண் தொட்டால், "நடுவர் ஐயா அவர்கள் தயவுசெய்து கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளவும்" என்று அறிவிப்பார். ரசிகர்களுக்கு அவர்மேல் உயிர். அந்த மைக்கைப் பிடிக்கும்போதுதான் சாமுவேலுக்கும் தான் ஒரு ஆள் என்று தோன்றும்.

அப்படிப்பட்டவரின் தலையில்தான் இந்தத் தோல்வி விடிந்தது. ஏனென்றால் செங்கல்பட்டு அணியின் கேப்டன் ஏஞ்சல், சாமுவேல் பெற்ற ஒரே பெண்.

எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டால் அவர் அரசாங்கத்தைத்தான் கைகாட்டுவார். மதுராந்தகம் பக்கத்து மாப்பிள்ளையோடு நிச்சயதார்த்தம் நடந்தபோது அது காஞ்சிபுரம் மாவட்டமாகத்தான் இருந்தது. தை மாதம் கல்யாணம் முடித்துப் பெண்ணைக் கொண்டுபோய் விடும்போது அது செங்கல்பட்டு மாவட்டம். இடையில் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

"நான் பொண்ண மாவட்டத்துக்குள்ளதாம்பா குடுத்தேன். கவர்மென்ட்டுதான் தூக்கினு போயி வெளிய வச்சிடுச்சு," என்று இன்றைக்கும் மனு கொடுக்கிற தொனியில் சொல்வார்.

ஏஞ்சல் அங்கே ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் ஆனாள். ஒரு குழந்தைக்குத் தாயும் ஆனாள். அதற்கப்புறம் முழங்கால் அவ்வப்போது மக்கர் செய்தது. அப்படியும் ஆட்டத்தை விடவில்லை.

இறுதிப் போட்டி காஞ்சிபுரத்தில். பெண்ணே எதிரணியில் நின்றபோதும் சாமுவேல் கட்டுப்பாடாகத்தான் இருந்தார். மகள் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. "செங்கல்பட்டின் ஏழாம் நம்பர்" என்றே கடைசிவரை சொன்னார். இரு பக்கமும் புள்ளி சமம். கடைசி ரெய்டு. ஏழாம் நம்பர் 'கபடி கபடி' என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நம் கட்டத்துக்குள் வந்தது. சுற்றிவந்த இடத்தில் அதன் முழங்கால் லேசாக மடங்கியது. அவ்வளவுதான், சாமுவேலின் கட்டுப்பாடு கழன்றுவிட்டது.

"பாப்பா, போதும்! வந்துடு! வந்துடும்மா!"

நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் அது முழங்கியது. நம் பெண்கள் சின்ன வயதிலிருந்து அந்தக் குரலை நம்பி ஆடியவர்கள். குரலே சொல்லிவிட்டதென்றால் அவள் திரும்பிப் போகிறாள் என்றுதானே அர்த்தம்? சங்கிலியாகக் கோத்திருந்த கைகளைத் தளர்த்தி நிமிர்ந்தார்கள். ஏஞ்சல் திரும்பவில்லை. இன்னும் ஒரு எட்டு உள்ளே பாய்ந்து, ஓரத்தில் நின்றவளின் தோளைத் தொட்டு, புரண்டு போய் நடுக்கோட்டில் கையை வைத்தாள். ஆட்டம் முடிந்தது. சாமுவேல் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "ஐயோ, அடி பட்டுடுச்சா?" என்பதையும் ஊரே கேட்டது.

ஆகவே டீக்கடையில் அன்று காலை விசாரணை.

விசாரணைத் தலைவர் பரமசிவம். ரசிகர் மன்றத் தலைவரும் அவரே. தறிக்காரர், எதையும் இழை இழையாகப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். சாட்சி, திருப்பருத்திக்குன்றத்து யுவராஜ். அரிசிக் கடைக்காரன். சமணர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்துவிட்டதால், மற்றவர்களைப் போலப் போண்டாவுக்கு ஓடாமல் ஆட்டம் முழுவதையும் போனில் பிடித்தவன்.

தோல்விக்கு முதலில் வேறு காரணங்களைத்தான் தேடினார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். மைதானத்தில் விரித்த மேட் செங்கல்பட்டிலிருந்து வந்தது என்று ஒருவர் கண்டுபிடித்தார். நடுவரின் மாமியார் வீடு தாம்பரம் பக்கம் என்றார் இன்னொருவர். நம் பெண்களுக்கு மதியம் தயிர்சாதம் போட்டதால் தூக்கம் வந்துவிட்டது என்று புவனேஸ்வரி சொன்னாள். அந்தத் தயிர்சாதம் மன்றத்தின் செலவு என்பதால் பரமசிவம் அதை உடனே தள்ளுபடி செய்தார். கடைசியில் யுவராஜ் போனை நீட்டினான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். "பாப்பா, போதும்! வந்துடு!" என்றது போன். மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் அதையேதான் சொன்னது.

"இது கோட் வேர்டு," என்றான் யுவராஜ். "வந்துடுன்னா போன்னு அர்த்தம். அப்பாவும் பொண்ணும் முன்னாடியே பேசி வச்சிக்கினாங்க."

சாமுவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாசத்தில் உளறிவிட்டார் என்று சொல்லியிருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பார். துரோகி என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"டேய் யுவராஜு, வாயி அழுகிப்பூடும்டா! இந்த மாவட்டத்துக்குக் கத்திக் கத்தியே என் தொண்ட புண்ணாயிப் போயிகினு இருக்குது. நானாடா விட்டுக் குடுப்பேன்? கால் மடங்குச்சு, பயந்துட்டேன். பெத்தவன்டா!"

"பெத்தவன் மைக்க அமுத்திட்டுப் பயப்படணும்," என்றார் பரமசிவம். "சாமுவேலு, நீ எத்தினி சத்தியம் பண்ணாலும் நூலு சிக்குதான். ஒண்ணு பண்ணு. பாப்பாவுக்கு போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு. அது வாயாலயே சொல்லட்டும். கோட் வேர்டு இல்லன்னா மைக்கு உன்னுது. கோட் வேர்டுன்னா, இனிமே கபடி மைக்கு உனுக்குக் கெடையாது."

சாமுவேல் துள்ளிக்கொண்டு போனை எடுத்தார். தன் நிரபராதித்தனத்தில் அவருக்கு அத்தனை நம்பிக்கை. ஏஞ்சல் எடுத்ததும், "பாப்பா, நீ ஒண்ணும் பேசாத, அங்கிள் கேக்கறதுக்கு மட்டும் உண்மையச் சொல்லு," என்று போனை டீ கிளாஸ்களுக்கு நடுவில் வைத்தார்.

பரமசிவம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஏஞ்சல் சிரித்தாள்.

"கோட் வேர்டா? அங்கிள், அப்பா வாயத் தொறந்தாலே வந்துடுதான். ஸ்கூல் டூருக்கு பஸ்ஸு கெளம்பவே இல்ல, ஜன்னலாண்ட நின்னுக்கினு வந்துடும்மான்றாரு. கெணத்துல நீச்சல் கத்துக்கினப்போ, தண்ணில காலு நனையல, அதுக்குள்ள மேல வந்துடு. எங்கிட்ட வேற எதுவுமே அவரு சொன்னதில்ல."

சாமுவேல் எழுந்து நின்று சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். யுவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அத்தோடு போனை வைத்திருக்கலாம். ஆனால் பரமசிவம் இழையை விடுகிற ஆளா?

"சரிம்மா. நேத்து அதக் கேட்டு நீ இன்னா நெனச்ச?"

"நெனைக்க இன்னா இருக்குது அங்கிள்? அப்பா வந்துடுன்னா இன்னும் டைம் இருக்குதுன்னு அர்த்தம். ஆறாவது படிக்கறப்பவே எனக்குத் தெரியும். பயத்துல எப்பவும் முன்னாடியே கூப்டுடுவாரு. நேத்து எனக்கு மூச்சு முடிஞ்சிபோச்சு, திரும்பிடலாம்னு கால எடுத்துட்டேன். அப்பா குரல் கேட்டுச்சு. சரி, இன்னும் இருக்குதுன்னு உள்ள போயிட்டேன்."



"கோட் வேர்டேதான்!" என்று யுவராஜ் பெஞ்சின்மேல் ஏறினான்.

"சம்பந்தப்பட்ட ஆளுக்கே தெரியாத கோட் வேர்டு," என்றார் பரமசிவம். குரலில் ஒரு மரியாதைகூட இருந்தது. "அவரு கூப்புடாம இருந்திருந்தா பாப்பா திரும்பியிருக்கும். மேட்ச் டிரா. சாமுவேலு, உன் மேல தப்பு இல்ல. ஆனா தோக்கடிச்சது நீதான். மைக்கக் குடுத்துடு."

பெரிய அடிதான். நேற்றாக இருந்தால் சாமுவேல் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதிருப்பார். ஆனால் அவர் மனம் அந்த இடத்தில் இல்லை. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அவருக்குள் ஒரு குறை உறுத்திக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் கேட்கிற குரல் பெற்ற பெண்ணுக்குக் கேட்காமல் போய்விட்டது, அவள் வேறு ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று மனைவி சுகாசினியிடம்கூடச் சொல்லாமல் மருகிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கிறது. அத்தனை கூச்சலில், முடிந்துபோன மூச்சில், அவள் காதில் அது விழுந்திருக்கிறது. சொன்னபடி செய்யவில்லை, அது வேறு விஷயம். அவள் என்றைக்குச் செய்திருக்கிறாள்?

"எடுத்துக்கங்கப்பா," என்று பரமசிவத்திடம் சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்தார். ஸ்பீக்கரை அணைக்கத் தோன்றவில்லை. "முட்டி எப்டி இருக்குதும்மா?"

"வலிக்குதுப்பா," என்றாள் ஏஞ்சல். அங்கிள்களிடம் பேசிய குரல் இல்லை அது. "வீங்கினு இருக்குது. ஜெயிச்சதும் எல்லாரும் தூக்கினு சுத்துனாங்க. பட்டாசுலாம் வெடிச்சாங்க. காலு வலிக்குதான்னு யாரும் கேக்கல. இங்க எல்லாரும் போ போன்னுதாம்பா கத்துறாங்க. வந்துடுன்னு கூப்புட ஒரு ஆளு இல்ல."

சாமுவேலின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவர் துடைக்கவும் இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போண்டாத் தட்டைப் பார்த்தார்கள்.

பரமசிவம்தான் அவர் தோளைத் தட்டினார். "வரச் சொல்லுய்யா. உன் வார்த்த தான? சொல்லு."

"வந்துடும்மா," என்றார் சாமுவேல்.



"ஞாயித்துக்கிழம வர்றேம்பா. புள்ளையயும் தூக்கினு வந்து பத்து நாளு இருக்கறேன்."

சாமுவேல் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் உற்றுப் பார்த்தார். ஒரே கூப்பிடலில் அவள் வருகிறேன் என்று சொன்னது அவருக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. இதை யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும் போலிருந்தது. ஆனால் சுற்றி இருந்த எல்லோருக்கும்தான் கேட்டுவிட்டதே.

பரமசிவம் குனிந்து போனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனார்.

"பாப்பா, நான் அங்கிள் பேசறேன். வரும்போது நேத்து ஜெயிச்ச கப்பையும் எடுத்துக்கினு வாம்மா. தாய் வீட்டுக்கு வெறுங்கையோடவா வருவே? பத்து நாளு நம்ம மன்றத்துல வச்சிக்கினு இருந்துட்டுப் பத்திரமா குடுத்தனுப்பறோம்."