சின்ன ராஜாவின் உத்தரவு

பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறோம். கூட வருகிற எஸ்தர் அக்கா தக்கலையில் ரவிக்கை தைக்கிறவர். பளபளக்கும் கறுப்புத் தரையில் எங்கள் முகம் தெரிகிறது. குழந்தையிலேயே பட்டத்துக்கு வந்து, இளம் வயதில் செத்துப்போன ஒரு ராஜாவின் கதையை வழிகாட்டி உருக்கமாகச் சொல்கிறார். ராஜா வளரும்வரை அவர் பெயரில் நாட்டை ஆண்டது சித்தியாம்.

“பாவம், பொம்மை ராஜா” என்கிறேன்.

அக்கா நின்றுவிடுகிறார்.

“என்ன பாவம் மக்கா? அந்தப் பிள்ளைக்க பேருலதான் உத்தரவு வந்துச்சு, எங்க சாதிப் பொம்பளைய மாருக்கு மேல துணி போடப்பிடாதுன்னு. மீறிப் போட்டவளுவளுக்க துணிய சந்தையில வச்சுக் கிழிச்சானுவ. பிள்ளைக்கு வெவரம் தெரியாது, சரி. கிழிச்சவனுக்குமா தெரியாது?”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? கிழிக்கக் கிழிக்கத் தச்சுப் போட்டாவ.”

கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. வழிகாட்டி அடுத்த அறைக்குக் கை காட்டுகிறார். அக்கா குரலைத் தாழ்த்துவதாக இல்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது வாசலைத் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்: “இங்க செருப்பக் கழத்தச் சொன்னா கழத்துவேன். அதுக்கு மேல ஒருத்தன் சொல்லட்டும், பாப்பம்.”